மழைக்கு முன் கூரை, கடனுக்கு முன் கணக்கு



சேமிப்பு, உள்கடன், தொழில் என்று பல பாடங்களை நாம் குழுக்களில் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. கணவர் இறந்து போய், அல்லது விட்டுப் பிரிந்து போய், பிள்ளைகளோடு தனியாக நிற்கிற சகோதரி நமது குழுக்கள் பலவற்றில் இருக்கிறார். துக்கம் ஒரு பக்கம். "அவர் எங்கிட்ட வாங்கின பணம் என்ன ஆச்சு?" என்று கேட்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். தலைக்கு மேலே ஒழுகுகிற வீடு இன்னொரு பக்கம். இந்த நேரத்தில் அவசரப்பட்டுப் போடுகிற ஒரு கையெழுத்து, பத்து வருடத்துக்குக் கழுத்தை நெரிக்கும். அதனால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது, வீட்டை எந்த அளவுக்குப் பழுது பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படிக்கத் தெரிந்த உறுப்பினர் இதை உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். ஒரே கூட்டத்தில் முடியவில்லை என்றால் இரண்டு கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதி 1: முதலில் காகிதம்

நமது ஊர்களில் கணவர் இறந்தால் அந்தப் பெண்ணை மாதக்கணக்கில் வெளியே விடாமல் உட்கார வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம், அனுமதி என்று அலைச்சல் கூடும். அந்தச் சகோதரியால் போக முடியாவிட்டால் குழுவிலிருந்து இரண்டு பேர் குடும்பத்தாரோடு போய்ப் பதிவு செய்யட்டும். இறப்புச் சான்றிதழில் பெயர், தகப்பனார் பெயர், தேதி எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஒரு எழுத்துத் தப்பினாலும் பின்னால் வங்கியில் நிற்க வேண்டி வரும். நான்கைந்து நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம், தாசில்தார் கொடுப்பார். வங்கிப் பணம், பட்டா மாற்றம், நல வாரிய உதவி எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

பிறகு கணவரின் வங்கிப் புத்தகத்தை எடுத்து வரவு வைத்துப் பாருங்கள். மே மாதக் கடைசியில் அல்லது ஜூன் மாதத்தில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? இருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்கலாம். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் என்றால் முதல் 30 நாளுக்குள் நேர்ந்த இறப்புக்கு, விபத்து தவிர, பணம் கிடைக்காது. வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் அதிலும் 2 லட்சம். இந்தப் பணம் தானாக வீடு தேடி வராது. வங்கிக்குப் போய் உரிமைப் படிவம் கொடுத்தால்தான் வரும். தாமதம் செய்யாமல் கொடுங்கள்.

கணவர் கட்டட வேலை செய்தவர் என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு நல வாரியங்களுக்கும் இதே மாதிரி அட்டை உண்டு. அட்டை புதுப்பிக்கப்பட்டிருந்தால் இறப்பு உதவித்தொகை கேட்கலாம். வங்கிக் கடன் இருந்தால், கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுக்கு என்று பணம் பிடித்தார்களா என்பதையும் கேளுங்கள்.

விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். 2023-ல் இந்தத் தொகை 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இப்போது எவ்வளவு, நிபந்தனை என்ன என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று: 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில், தாய் கணவரை இழந்தவராகவோ, விவாகரத்து ஆனவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்க வழி இருக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. மனுவைக் குழு பார்த்து முடிவு செய்யும். எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் கிடைக்காது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள்.

பகுதி 2: கடன்காரர் வாசலில் நிற்கும்போது

இது ஒரு குழுக் கூட்டத்தில் வரக்கூடிய பேச்சு. இரண்டு உறுப்பினர்கள் படித்துக் காட்டுங்கள்.

உறுப்பினர்: அக்கா, அவர் எங்கிட்ட எண்பதாயிரம் வாங்கினார்னு ஒருத்தர் வந்து நிக்கிறார். உன் பேர்ல புது நோட்டு எழுதிக் கொடுத்துடும்மா, பொறுமையாக் கட்டுன்னு சொல்றார். மனுஷனுக்கு மரியாதைக்காவது எழுதிக் கொடுத்துடலாமா?

ஊக்குநர்: நில்லும்மா. பழைய நோட்டைக் காட்டினாரா?

உறுப்பினர்: வீட்ல இருக்குன்னார்.

ஊக்குநர்: அதுல நீ கையெழுத்துப் போட்டிருக்கியா?

உறுப்பினர்: இல்லக்கா. எனக்கு விஷயமே தெரியாது.

ஊக்குநர்: அப்படின்னா எதுலயும் இப்பக் கையெழுத்துப் போடாதே. "பழைய நோட்டைக் கொண்டாங்கண்ணே, குழுவுல வச்சுப் பேசிக்கலாம்"னு மட்டும் சொல்லு.

ஊக்குநர் ஏன் இப்படிச் சொல்கிறார்? இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகள் பொறுப்பு. மனைவியின் கூலி, மனைவியின் சேமிப்பு, தாய் வீட்டில் போட்ட நகை இதில் வராது. மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலோ, ஜாமீன் நின்றிருந்தாலோதான் கடன் அவருடையதும் ஆகும். இப்போது புது நோட்டு எழுதிக் கொடுத்தால், கணவரின் கடன் முழுக்க அவர் சொந்தக் கடனாக மாறிவிடும். அதுதான் அந்தக் கையெழுத்தின் விலை.

நியாயமான கடனைக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கைமாற்றாகக் கொடுத்து உதவின அக்கம்பக்கத்தாரும் கஷ்டப்பட்டவர்களே. எவ்வளவு அசல், எவ்வளவு கொடுத்தாகிவிட்டது, வட்டி எத்தனை என்று கேட்டு, எழுதி, முடிந்த வழியைப் பேசுங்கள். மிரட்டுகிறவர்கள் வந்தால் தனியாகப் பேச வேண்டாம். கந்துவட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டுச் சட்டம் நமது மாநிலத்தில் இருக்கிறது. பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு வருமான வரம்பும் கிடையாது. தாலுகா நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

பகுதி 3: வீடு யார் பெயரில்?

வீட்டில் ஒரு மூட்டை சிமெண்ட் இறக்குவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

உங்கள் பெயரில் பட்டா இருந்தால் கவலை இல்லை. தொகுப்பு வீடுகள் பல பெண்கள் பெயரிலேயே கொடுக்கப்பட்டவை. உங்கள் வீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள்.

கணவர் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு, உயிரோடு இருந்தால் கணவரின் தாயாருக்கும் ஒரு பங்கு. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. மாமியாரின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறோம். மகனைப் பறிகொடுத்தவர் அவரும்தான். உட்கார வைத்துப் பேசி, பட்டாவில் எல்லா வாரிசுகளின் பெயரையும் ஏற்றிவிட்டால் பின்னால் சண்டை வராது. மற்ற மதத்தாருக்குச் சட்டம் வேறாக இருக்கும். சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.

மாமனார் பெயரில் வீடு இருந்தால் கவனம் தேவை. அவர் இருக்கும்வரை அது அவர் சொத்து. வேறு யாருக்கும் எழுதி வைக்க அவருக்கு உரிமை இருக்கலாம். அந்த வீட்டுக்குக் கடன் வாங்கி மாடி எழுப்பாதீர்கள். பிள்ளைகள் நனையாமல் இருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தால், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு. வீடு அவர் பெயரில் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. "வெளியே போ" என்று துரத்தினால் 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆனால் குடியிருக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு. செலவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

பகுதி 4: ஒரு வருடக் கணக்கு

இது ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நல்ல மாத வரவு:
கூலி, 17 நாள், நாளுக்கு 400 ரூபாய்: 6,800
உதவித்தொகை: 1,200
பால்: 1,500
மொத்தம்: 9,500

மாதச் செலவு:
மளிகை, காய்கறி: 4,000
கேஸ், கரண்ட்: 600
பிள்ளைகள் படிப்பு, பஸ்: 900
மருந்து: 400
மாட்டுத் தீவனம்: 700
குழு சேமிப்பு: 200
குழுக் கடன் தவணை: 1,000
மொய், நல்லது கெட்டது: 500
மொத்தம்: 8,300

மிச்சம் 1,200 ரூபாய். "அப்ப மாசம் 1,200 தவணை கட்டலாமே" என்றுதான் கடன் கொடுக்க வருகிறவரும் சொல்வார். கொஞ்சம் பொறுங்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் வேலை குறையும். நான்கு மாதம் 10 நாள் வேலைதான் என்று வையுங்கள். அந்த மாதங்களில் வரவு 6,700. செலவு அதே 8,300. மாதம் 1,600 துண்டு விழும்.

எட்டு நல்ல மாத மிச்சம் 9,600. நான்கு கெட்ட மாதத் துண்டு 6,400. வருடம் முழுக்க உண்மையில் மிஞ்சுவது 3,200 ரூபாய்தான். மாதத்துக்கு 270 ரூபாய்கூட இல்லை. இந்த நிலைமையில் புதுக் கடன் வாங்கினால் தவணை கட்ட இன்னொரு கடன் வாங்க நேரும்.

ஆனால் பழைய குழுக் கடன் ஆறு மாதத்தில் முடிகிறது என்றால் அதற்குப் பிறகு கணக்கு மாறும். வருடத்துக்கு 12,000 கையில் நிற்கும். 3,200-ஐயும் சேர்த்தால் 15,200. அப்போது குழுவில் 20,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வாங்கி, மாதம் 1,000 அசல் கட்டினால் 20 மாதத்தில் முடிந்துவிடும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்த வட்டி 2,100 ரூபாய். முதல் வருடம் அசலும் வட்டியுமாகக் கட்டுவது 13,740. கைக்கு அடங்குகிறது.

இதே 20,000-ஐ வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால்? மாத வட்டி மட்டும் 1,000. இருபது மாதம் வட்டியே கட்டினாலும் 20,000 போய்விடும், அசல் 20,000 அப்படியே நிற்கும்.

காப்பீட்டுப் பணம் 2 லட்சம் வந்தால் என்ன செய்வது? வீடு முழுக்கப் புதுசாக்கிவிடலாம் என்று ஆசை வரும். உறவுக்காரர்களும் கைமாற்றுக் கேட்டு வருவார்கள். "பிள்ளைங்க பேர்ல போட்டுட்டேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு வழி: ஆறு மாதச் செலவுக்கு 50,000 சேமிப்புக் கணக்கில், தன் பெயரில் உள்ள கூடுதல் வட்டிக் கடனை அடைக்க 40,000, கூரைக்கு 35,000, மீதி 75,000 வங்கியிலோ தபால் நிலையத்திலோ வைப்புத் தொகை. கூடுதல் வட்டி தருகிறேன் என்று சொல்லும் தனியார் சீட்டிலோ, தெரிந்தவர் கையிலோ இந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பகுதி 5: வீட்டில் எதை முதலில் பழுது பார்ப்பது?

வரிசை இதுதான்: முதலில் உயிருக்கு ஆபத்தானது, அடுத்தது தண்ணீர், அதற்கப்புறம் வசதி, கடைசியில் அழகு. தலைமேல் விழக்கூடிய தளமும் ஷாக் அடிக்கிற ஒயரும் முதல் வகை. ஒழுகலும் சுவர் ஈரமும் இரண்டாவது. அடுப்படி, கழிப்பறை மூன்றாவது. தரைக்கு டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் கடைசி. ஒழுகுகிற வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தால் அடுத்த ஐப்பசியில் அது உரிந்து விழும்.

பழைய தொகுப்பு வீடுகளில் அதிகம் பார்ப்பது தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிவது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பின கம்பி சிமெண்டைத் தள்ளிவிடும். கம்பில் தட்டிப் பாருங்கள். "டொப் டொப்" என்று பொள்ளலாகச் சத்தம் கேட்டால் அந்த இடம் விழக் காத்திருக்கிறது. அதற்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

மேலே வெறும் பூச்சுப் பூசி மறைத்தால் அது மறுபடியும் விழும். பொள்ளலாக உள்ளதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுப்பு மருந்து பூசி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கலந்து பூச வேண்டும். மொட்டைமாடியில் விரிசலை அடைத்து, தண்ணீர் தேங்காமல் குழாய்ப் பக்கம் சரிவு கொடுக்க வேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்து போயிருந்தாலோ, தளம் தொங்கினாலோ கொத்தனார் சொல்வதை மட்டும் கேட்டுச் செய்யாதீர்கள். முட்டுக் கொடுத்துவிட்டு, ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடமோ ஓவர்சீயரிடமோ காட்டுங்கள். பலவீனமான தளத்தின்மேல் செங்கல் ஜல்லியைக் கனமாகப் போடுவது ஆபத்து.

அரசு கட்டிக் கொடுத்த பழைய வீடுகளைப் பழுது பார்க்க 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் அறிவித்தது. உங்கள் வீட்டுக்கு இப்போது அப்படி உதவி கிடைக்குமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். கடன் வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

ஓட்டு வீடு என்றால் ஓட்டை மட்டும் பார்க்காதீர்கள். ரீப்பரையும் கைமரத்தையும் தட்டிப் பார்த்து, கரையான் அரித்ததை மாற்றிவிட்டுத்தான் ஓடு அடுக்க வேண்டும். கையில் பணம் இல்லாமல் மழை வந்துவிட்டால், நல்ல தார்ப்பாய் ஒன்று போட்டு அந்த வருடத்தைக் கடத்துவதில் வெட்கம் இல்லை.

கொத்தனாரிடம் பேசும்போது கவனிக்க வேண்டியவை:

• குறைந்தது இரண்டு கொத்தனாரிடம் மதிப்புக் கேளுங்கள். குழுவில் சித்தாள் வேலை பார்க்கிற சகோதரி இருந்தால் அவரைக் கூட்டிப் போங்கள். எத்தனை மூட்டை பிடிக்கும், எத்தனை ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

• என்ன வேலை, எத்தனை நாள், மொத்தக் கூலி எவ்வளவு, பொருள் யார் வாங்குவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

• பொருளை நீங்களே வாங்கிப் பில் எடுங்கள். சிமெண்ட் மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள். தரையில் வைத்தால் கட்டிப் போகும்.

• முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பாதி வேலைக்குப் பிறகு அடுத்த பாகம். கடைசிக் கால் பங்கு, மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்த பிறகு.

• பூசின இடத்துக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். அது நம் கையில் உள்ள வேலை.

• "இதோட சேர்த்து அதையும் செஞ்சுடலாம்மா" என்று நடுவில் வேலையைக் கூட்டினால், "எழுதினது முடியட்டும்ண்ணே" என்று சொல்லுங்கள். பத்தாயிரம் வேலை முப்பதாயிரம் ஆவது இப்படித்தான்.

பகுதி 6: குழுவின் பங்கு

கணவரை இழந்த உறுப்பினர் இரண்டு மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்றால் பெயரை அடிக்காதீர்கள். அவர் வீட்டில் போய்க் கூட்டம் போடுங்கள். சேமிப்பும் தவணையும் கட்ட முடியாவிட்டால் மூன்று மாத அவகாசம் கொடுக்கலாமா என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். அலுவலகங்களுக்குத் துணையாகப் போக இரண்டு பேரை நியமியுங்கள். பஸ் செலவைக் குழு நிதியிலிருந்து கொடுங்கள். வேலை தொடங்கும் நாளில் முதல் சாந்துக் கரண்டியை அந்தச் சகோதரி கையில் கொடுங்கள். "நீ தொடக் கூடாது" என்று யாராவது சொன்னால், வீட்டைக் காப்பாற்றுகிற கை அதுதான் என்று குழு சொல்லட்டும்.

பிள்ளைகளிடமும் கணக்கைச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். "இந்த வருஷம் கூரை, அடுத்த வருஷம் சைக்கிள்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மூத்த பிள்ளையின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பி வீட்டைக் கட்டுவது கூடாது.

கூட்டத்தில் பேச:

1. உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது? பட்டாவை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?

2. உங்கள் வங்கிக் கணக்கிலும் கணவர் கணக்கிலும் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கிறார்களா? வாரிசுதாரர் பெயர் யார்?

3. உங்கள் வீட்டில் வேலை குறைகிற மாதங்கள் எவை? அந்த மாதத் துண்டு எவ்வளவு?

4. நமது குழுவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் சகோதரி யார்? இந்த மழைக்கு முன் அவர் வீட்டுக் கூரையை யார் போய்ப் பார்ப்பது?

நான்காவது கேள்விக்கு மட்டும் தேதியும் பெயரும் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதிகள் அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள். எந்த ஊரில் என்ன தடை வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று சேர்ந்து பேசுவோம்.